சின்ன காலேஜ் கோச், பெரிய டீமுக்கு எப்போ போவாங்க? சென்னை முதல் பழவேற்காடு வரை... பெண்கள் பேஸ்கட்பாலில் காணாமல்போன ஏணி!

அமெரிக்காவில் ஒவ்வொரு வருஷமும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலேஜ் பேஸ்கட்பால் சீஸன் முடியும்போது இன்னொரு சீஸன் தொடங்கும். இது ஆடுறவங்களுக்கு இல்ல, கோச்களுக்கு. 'சின்ன யுனிவர்சிட்டியில கலக்கிக்கிட்டிருக்கிற எந்தப் பெண் கோச், அடுத்து எந்தப் பெரிய டீமுக்குப் போகப்போறாங்க?' என்று ஸ்போர்ட்ஸ் சைட்கள் லிஸ்ட் போட்டு அலசும்.

அந்த லிஸ்ட் வெறும் கிசுகிசு இல்லை. உதாரணத்துக்கு, டான் ஸ்டாலி. ஒலிம்பிக் தங்கம் வாங்கிய வீராங்கனை. 2000-ம் வருஷம் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டெம்பிள் யுனிவர்சிட்டியின் பெண்கள் அணிக்கு கோச் ஆனார். அப்போது அவரே டபிள்யூ.என்.பி.ஏ-வில் ஆடிக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் கழித்து, 2008-ல் சவுத் கரோலினா யுனிவர்சிட்டி அவரைக் கூப்பிட்டது. முதல் சீஸனில் 10 வெற்றி, 18 தோல்வி. ஆனாலும் அவரை அனுப்பிவிடவில்லை. 2017, 2022, 2024 என மூன்று முறை தேசிய சாம்பியன். 2023-24 சீஸனில் 38 மேட்ச் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

சின்ன டீமில் நிரூபி, பெரிய டீமுக்குப் போ, அங்கே தோற்றாலும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். இதுதான் அந்த ஏணி.

சரி, நம்ம ஊர்ல இப்படி ஒரு லிஸ்ட் போட முடியுமா? 'பெரிய டீமுக்கு ரெடியா இருக்கிற காலேஜ் பெண் கோச்கள்' என்று பத்துப் பேரை எழுதலாம்தான். ஆனா, அவங்க போறதுக்கு ஓர் இடம் வேணுமே... அங்கதான் கதை நிக்குது.

திறமைக்குப் பஞ்சமே இல்ல!

முதலில் ஒண்ணைத் தெளிவாகச் சொல்லிடலாம். பேஸ்கட்பால் தெரிந்த பெண்கள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள்.

சென்னைப் பொண்ணு அனிதா பால்துரை. ரைஸிங் ஸ்டார் கிளப்பில் வளர்ந்தவர். 18 வருஷம் இந்தியாவுக்காக ஆடியவர், 19 வயதிலேயே இந்திய அணிக்கு கேப்டன் ஆனவர். தேசிய சாம்பியன்ஷிப்களில் மட்டும் 30 மெடல். குழந்தை பிறந்த பிறகு ஆட்டத்தை விட்டுவிடாமல் திரும்பி வந்து, 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' டிவிஷனில் ஆடினார். இறுதிப்போட்டியில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா ஜெயித்தது. 2021-ல் பத்மஸ்ரீ.

கேரளாவின் கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து, தெற்கு ரயில்வேக்காக ஆடியவர் கீது அன்னா ஜோஸ். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்காக ஆடினார். 2011-ல் அமெரிக்கா போய் டபிள்யூ.என்.பி.ஏ அணிகளின் டிரையவுட்டில் கலந்துகொண்டார். 2014-ல் அர்ஜுனா விருது.

ஹரியானாவின் ஷிபா மகன் ஆட்டக்காரர், சர்வதேச நடுவர், கோச் என மூன்று வேலையிலும் இந்தியாவுக்காக நின்றவர்.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். இவர்களோடு ஆடி, யுனிவர்சிட்டி லெவல், ஸ்டேட் லெவல் என்று பத்து வருஷம் கோர்ட்டிலேயே வாழ்ந்து, பெயர் வெளியே தெரியாமல்போனவர்கள் எத்தனையோ பேர். ஆட்டம் முடிந்ததும் இவர்கள் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் ரயில்வே, வருமான வரித்துறை, போலீஸ், பேங்க். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த வேலை. அதைத் தப்பு சொல்லவே முடியாது. ஒரு சாதாரணக் குடும்பத்துப் பொண்ணு காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட, வீட்டில் சம்மதித்ததே அந்த வேலைக்காகத்தான்.

ஆனா, அந்த வேலையில் உட்கார்ந்த அன்றைக்கே, ஒரு நல்ல கோச்சை நாம் இழந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

காலேஜ்ல 'கோச்'னு ஒரு போஸ்ட்டே இல்லீங்க!

நம் காலேஜ்களில் விளையாட்டைப் பார்த்துக்கொள்பவர் 'பி.டி', அதாவது ஃபிசிக்கல் டைரக்டர். ஒரு காலேஜுக்கு ஒருவர். கபடி, வாலிபால், அத்லெட்டிக்ஸ், செஸ், பேஸ்கட்பால் எல்லாமே அவர் தலையில்தான். கூடவே ஸ்போர்ட்ஸ் டே, இன்டர்-காலேஜ் போட்டிக்கு என்ட்ரி, பொண்ணுங்களுக்கு அட்டெண்டன்ஸ் லெட்டர், பஸ் செலவுக்கு பில் என எல்லா வேலையும் உண்டு. இதில் பேஸ்கட்பாலுக்கு மட்டும் தனி கோச் வைத்திருப்பவை வசதியான சில காலேஜ்களும் தனியார் பல்கலைக்கழகங்களும்தான். அங்கேயும் பல நேரம் பார்ட் டைம், இல்லையென்றால் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்.

'சரி, அந்த பி.டி போஸ்ட்டுக்கே ஒரு முன்னாள் வீராங்கனை வந்துடலாமே?' என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கு. யு.ஜி.சி-யின் 2018 விதிப்படி, உடற்கல்வியில் முதுகலை, அதுக்கு மேல நெட் அல்லது பிஹெச்.டி வேணும். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் கோச்சிங் டிப்ளமோ, நம்ம ஊர் பாஷையில் 'என்.ஐ.எஸ்', நாட்டிலேயே பெயர் வாங்கின கோச்சிங் படிப்பு. ஆனா, அது மட்டும் கையில் இருந்தால் இந்த வாசல் திறக்காது.

விதிவிலக்கு ஒண்ணு உண்டு. ஆசிய விளையாட்டு அல்லது காமன்வெல்த் விளையாட்டில் மெடல் வாங்கி, முதுகலைப் பட்டமும் இருந்தால் தனி வழி. ஆனா, பேஸ்கட்பாலில் இந்தியப் பெண்கள் அணி அந்த இரண்டிலும் மெடல் வாங்கினதே இல்லை. ஆகவே, இந்தியாவுக்கு 18 வருஷம் ஆடியிருந்தாலும் அந்த வழியில் நுழைய முடியாது.

அடுத்த முடிச்சு, ஜெயித்தால் என்ன நடக்கும் என்பது. ஒரு சின்ன டவுன் காலேஜ் டீம், சவுத் ஸோன் வரைக்கும் போய் ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடின பொண்ணுக்கு சர்டிஃபிகேட் வரும். அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு அப்ளை பண்ணலாம். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கு. காலேஜுக்கு பேனர், பேப்பரில் போட்டோ. கோச்சுக்கு? அடுத்த வருஷமும் அதே சம்பளம், அதே கோர்ட். 'உங்க ரிசல்ட்டைப் பார்த்தோம், எங்க டீமுக்கு வாங்க' என்று கூப்பிட இங்கே ஆளில்லை. ஒரு காலேஜ் கோச்சின் ரெக்கார்டை, அதாவது எத்தனை மேட்ச், எத்தனை வெற்றி, எத்தனை பேரை ஸ்டேட் டீமுக்கு அனுப்பினார் என்பதை, ஓர் இடத்தில் பார்க்கவும் முடியாது. எண்ணிக்கையே இல்லாத இடத்தில் லிஸ்ட் எப்படிப் போடுவது?

பெரிய டீம்னா ஆம்பள கோச்... ஏன்?

மேலே ஏறிப் பார்த்தால் இன்னொரு விஷயம் கண்ணில் படும். 2010-களில் இந்தியப் பெண்கள் பேஸ்கட்பால் அணியின் தலைமை கோச்களாக வந்தவர்களில் மூன்று பேர் அமெரிக்காவின் பீட் காடெட், ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ கார்சியா, செர்பியாவின் சோரன் விசிச். மூவரும் வெளிநாட்டவர்கள், மூவரும் ஆண்கள். 2025 நவம்பரில் நம் பெண்கள் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையைத் தூக்கியபோது தலைமை கோச் அமோல் முசும்தார். அதே வருஷம் பெண்கள் கால்பந்து அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றபோது கிறிஸ்பின் சேத்ரி.

இவர்கள் நல்ல கோச்கள், அதில் சந்தேகமே இல்லை. அனிதாவை ரைஸிங் ஸ்டார் கிளப்பில் வளர்த்ததும் சம்பத் என்ற ஆண் கோச்தான். பிரச்னை தனிமனிதர்கள் இல்லை. டீம் சின்னதா இருக்கும்போது பெண் கோச், டீம் பெரிசானதும் ஆண் கோச் என்கிற பழக்கம்தான் பிரச்னை.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. பாட் சம்மிட் 1974-ல், 22 வயதில், டென்னஸி யுனிவர்சிட்டி பெண்கள் அணிக்கு கோச் ஆனபோது, டீம் வேனை ஓட்டியதும், ஜெர்சி துவைத்ததும் அவரேதான். அந்த வேலைக்கு அன்றைக்குப் போட்டியே இல்லை. பிறகு 1,098 வெற்றி, எட்டு தேசிய சாம்பியன்ஷிப் என்று சாதித்தார். 1972-ல் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டம் அமெரிக்காவில் வந்தபோது, காலேஜ் பெண்கள் அணிகளில் 90 சதவிகிதத்துக்கும் மேல் பெண் கோச்கள். சட்டத்தால் பெண்கள் விளையாட்டுக்குப் பணம் வந்தது, சம்பளம் ஏறியது. சம்பளம் ஏறியதும் ஆண்கள் வந்தார்கள். எல்லா ஆட்டத்தையும் சேர்த்துக் கணக்கெடுத்தால், பெண் கோச்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. காசு போட்டால் மட்டும் பெண் கோச்கள் மேலே வந்துவிட மாட்டார்கள். மேலே வரும் வழியையும் சேர்த்துக் கட்டணும்.

இதுக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. 'பெரிய டீம்' என்றதும் நாம் மேலே மட்டும் பார்க்கிறோம். கீழேயும் பார்க்கணும்.

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம், கூனங்குப்பம் என்று ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மீனவக் கிராமங்கள். இந்தியப் பெண்கள் பேஸ்கட்பாலில் இத்தனை பெயர்களைப் பார்த்த சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இந்தக் குப்பங்களின் பிள்ளைகளுக்கும் அந்த ஆட்டத்துக்கும் தூரம் எவ்வளவு?

முதல் தடை ரொம்ப சாதாரணமானது: மணல். மணலில் பந்து எம்பாது. வாலிபாலுக்கு இரண்டு கம்பும் ஒரு வலையும் போதும், கபடிக்கு ஒரு கோடு போதும். பேஸ்கட்பாலுக்கு சிமென்ட் தரை வேணும், 3.05 மீட்டர் உயரத்தில் ரிங் வேணும். கடலோரத்தில் வாலிபாலும் கபடியும் கால்பந்தும் ஓடி, பேஸ்கட்பால் ஓடாததற்கு இது ஒரு காரணம்.

அடுத்த தடை நேரம். பக்கத்து அரசு காலேஜ் பொன்னேரியில், சுமார் 20 கிலோமீட்டர். காலேஜ் டீமில் ஆடணும்னா பிராக்டிஸ் காலையில் ஆறு மணிக்கு, இல்லைனா சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். பஸ்ஸை நம்பி வர்ற பொண்ணுக்கு இரண்டுமே கஷ்டம். காலையில் அம்மா மீன் ஏலத்துக்கும் கூடை வியாபாரத்துக்கும் கிளம்பினால், வீட்டு வேலை யார் தலையில் விழும்னு சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது தடை, வீட்டில் கேட்கிற கேள்வி: 'கூட யாரு வர்றா?' வெளியூர் மேட்ச், மூணு நாள் தங்கல், ராத்திரி ரயில். 2023-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் மல்யுத்த வீராங்கனைகள் தெருவில் உட்கார்ந்ததை நாடே டி.வி-யில் பார்த்தது. அதுக்கப்புறம் ஒரு அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டால், அது பழைமைவாதம் இல்லை, நியாயமான எச்சரிக்கை. 'நம்ம டீச்சரம்மா கூடப் போறாங்க' என்கிற ஒரு பதில், நூறு விழிப்புணர்வு போஸ்டர் செய்யாத வேலையைச் செய்யும். அங்கே பெண் கோச் என்பவர் ஆட்டம் சொல்லித்தருபவர் மட்டும் இல்லை. வீட்டு வாசலைத் திறக்கிற சாவியும் அவர்தான்.

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. நல்ல இடம் ஒருத்தருக்கே போய்விடாமல், எல்லோருக்கும் ஒரு முறை வரும். ஆனால், அந்தப் பாடு உரிமை ஆண்கள் பேரில்தான். இறால் தடவிப் பிடிக்கிற, மீன் விற்கிற, கருவாடு காயவைக்கிற பெண்களுக்கு அதில் பங்கு இல்லை. நம் விளையாட்டு அமைப்பிலும் அதேதான். பெண் கோச்களுக்கு வேலை இருக்கு, முறை வரவில்லை.

ஒரு கோச் போதும்... கடலூர் சொன்ன சாட்சி!

'இதெல்லாம் குப்பத்துல நடக்குமா?' என்று கேட்பவர்களுக்கு கடலூர் பதில் சொல்லும். 2004 சுனாமிக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட பெண் பிள்ளைகளுக்கு மாரியப்பன் என்ற கோச் கால்பந்து கற்றுத்தரத் தொடங்கினார். கடலூர், பெண்கள் கால்பந்தின் ஊராகவே மாறியது. இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர்தான். 2018-ல் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி தமிழ்நாடு பெண்கள் அணி தேசிய சாம்பியன் ஆனதில் கடலூர் பொண்ணுங்களின் பங்கு பெரிது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணை கேப்டன், சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. அங்கேயும் முதலில் வந்தது ஸ்டேடியம் இல்லை. தினமும் வந்து நின்ற கோச்.

அரசும் சும்மா இல்லை. 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு 'கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட்' அறிவித்தது. தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம் என்ற திட்டமும் உண்டு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியைத் தமிழ்நாடே நடத்தி, 98 மெடலோடு இரண்டாம் இடம் பிடித்தது. எல்லாம் சரி. ஆனா, கிட் தானா சொல்லிக்கொடுக்காது. முன்னாள் சாம்பியன்களை கோச்சாக வைத்து சம்பளம் தரும் 'கேலோ இந்தியா சென்டர்' திட்டம் நல்ல யோசனை. ஆனா, அதில் முதலில் முன்னுரிமை தந்த 14 ஒலிம்பிக் ஆட்டங்களின் பட்டியலில் பேஸ்கட்பால் இல்லை.

3x3... சின்ன ஊருக்கு ஏத்த சைஸ்!

ஐந்து பேர் ஆடும் முழு கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். 3x3 ஆட்டத்துக்கு பாதி கோர்ட் போதும், ஒரே ஒரு ரிங் போதும், ஒரு டீமுக்கு நாலு பேர் போதும். பத்து நிமிஷம், அல்லது முதலில் 21 பாயின்ட் எடுக்கிற டீம். டோக்கியோவில் இருந்து இது ஒலிம்பிக் ஆட்டமும்கூட. 2013-ல் தோஹாவில் நடந்த ஆசிய 3x3-ல் அனிதா ஆடிய இந்தியப் பெண்கள் அணி தங்கம் வாங்கியிருக்கிறது.

ஒரு பள்ளிக்கூடத்துச் சிமென்ட் தரையும் ஒரு ரிங்கும் இருந்தால் இதைத் தொடங்கிவிடலாம். பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். 3x3-ல் மேட்ச் நடக்கும்போது கோச் பெஞ்சில் உட்கார விதியே இல்லை. முடிவை எல்லாம் பொண்ணுங்களேதான் எடுக்கணும். ஆக, கோச்சின் திறமை பிராக்டிஸில்தான் தெரியும். ஒரு இளம் பெண் கோச் தன்னை நிரூபிக்க இதைவிட நல்ல மேடை எது?

அப்போ என்ன பண்ணலாம்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். நாலு விஷயம் போதும்.

ஒன்று, ரெக்கார்டு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இன்டர்-காலேஜ் போட்டிகளில் கோச் பெயரோடு ரிசல்ட்டை ஆன்லைனில் போடட்டும். வெற்றியை மட்டும் எண்ணாமல், எத்தனை புதுப் பொண்ணுங்களை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார், எத்தனை பேர் பாதியில் விடாமல் மூணு வருஷமும் ஆடினார்கள் என்பதையும் எண்ணணும். வசதியான டீமை வைத்து ஜெயிப்பதைவிட அது பெரிய விஷயம்.

இரண்டு, டெபுடேஷன். ரயில்வேயிலும் போலீஸிலும் இருக்கும் முன்னாள் வீராங்கனைகளை, சம்பளமும் சீனியாரிட்டியும் குறையாமல் இரண்டு, மூன்று வருஷம் காலேஜ்களுக்கும் கடலோரப் பள்ளிகளுக்கும் கோச்சாக அனுப்பலாம். வேலையா, கோச்சிங்கா என்று தேர்ந்தெடுக்க வைக்கிற அவஸ்தை இதில் இல்லை.

மூன்று, அசிஸ்டென்ட் கோச். ஸ்டேட் டீம், இந்திய ஜூனியர் டீம் என்று பெண்கள் அணி எதுவானாலும், அசிஸ்டென்ட் கோச்சில் ஒருவராவது காலேஜ் லெவலில் நிரூபித்த பெண்ணாக இருக்கட்டும். தலைமை கோச் யாராக இருந்தாலும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்பவர்தான் அடுத்த தலைமை கோச்.

நான்கு, கீழ்ப் படி. பொன்னேரி மாதிரி ஊர்களில் இருக்கும் காலேஜ் டீமுக்கு ஒரு கோச் போட்டால், அவர் வாரத்தில் இரண்டு நாள் பழவேற்காடு பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்வருவதும் அவர் வேலையின் பகுதியாக இருக்கணும். போக்குவரத்துச் செலவை அவர் பையிலிருந்து எடுக்க வைக்கக் கூடாது.

கோச் ஆகணும்னு ஆசையா?

இதைப் படிக்கிற உங்களில் யாராவது காலேஜ் டீமில் ஆடிக்கொண்டிருந்தால், மூணு விஷயம். ஆடும்போதே டிகிரியை முடிங்க. முடிந்தால் பி.பி.எட், எம்.பி.எட் வரை போங்க. மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும், 1920-ல் தொடங்கிய சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கு. என்.ஐ.எஸ் டிப்ளமோவையும் குறிவைங்க. பி.டி போஸ்ட்டுக்கு ஒண்ணு, கோச்சிங் வேலைக்கு ஒண்ணு என்று இரண்டு கதவுக்கும் சாவி கையில் இருக்கும்.

கடைசியா ஒரு யோசனை. உங்க டீமின் ரிசல்ட்டை நீங்களே எழுதி வைங்க. தேதி, எதிரணி, ஸ்கோர், அன்றைக்கு கோச் யார். ஒரு நோட்டு போதும், ஃபோனில் ஒரு ஃபைல் போதும். அடுத்த பெரிய கோச்சைத் தேடி யாராவது கிளம்பும் நாளில், 'இதோ இவங்க பேரு, இதோ இவங்க ரெக்கார்டு' என்று எடுத்துக் காட்ட ஒரு தாளாவது நம்ம கையில் இருக்கணும்.